மறைவு: இன்றைய தேதி

இன்று காலை கீபோர்டைத் துடைத்தபோது உன் கறுப்புப் பொட்டு என் விரலோடு வந்துவிட்டது. எட்டு வருடமாக ஒட்டிக்கொண்டிருந்த ஸ்டிக்கர் பொட்டு. ஓரமெல்லாம் சுருண்டு, நடுவே நம் இருவர் விரலும் பட்டுப் பட்டு வெளுத்துப்போயிருந்தது. குப்பையில் போட மனம் வரவில்லை. எங்கே ஒட்டுவது என்றும் தெரியவில்லை. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன்.

நீ போய்ப் பதினாலு மாதம் ஆகிவிட்டது. இத்தனை நாளாக உனக்கு எதுவும் எழுதத் தோன்றவில்லை. எழுதுவதுதான் நம் பிழைப்பு, அதுவும் அடுத்தவர்களுக்காக எழுதுவது. நமக்கென்று உட்கார்ந்து நாலு வரி எழுதப்போனால் கை கூசுகிறது. ஆனால் நேற்று ஒரு காரியம் செய்தேன். உன்னைக் கேட்காமல் செய்த காரியம். அதைச் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. தெப்பக்குளத்துக்குப் பின்னால் அதே சந்து, பூக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் நடுவில். மெட்ரோவுக்குத் தோண்டுகிறேன் என்று தெருவை மறித்து வைத்திருப்பதால் வருகிறவர்கள் எல்லாம் சுற்றிக்கொண்டு, திட்டிக்கொண்டே வருகிறார்கள். கல்யாணப் பத்திரிகை, சீமந்தப் பத்திரிகை, மனு, கண்ணீர் அஞ்சலி. பிறந்ததிலிருந்து போகிறவரை எல்லாவற்றுக்கும் நாம்தான் டைப் அடித்தாக வேண்டும் என்று உனக்கு ஒரு பெருமை. "நாம அடிச்சிக் குடுக்கலேன்னா மைலாப்பூர்ல எவனும் சாவ முடியாது மாமி" என்பாய். என் வயதுதான் உனக்கும். அபிராமபுரத்திலிருந்து வருகிறவள் என்பதற்காக முதல் நாளே என்னை மாமியாக்கிவிட்டாய். சைதாப்பேட்டைக்காரியை நான் பதிலுக்கு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்து முடிப்பதற்குள் பதினைந்து வருடம் ஓடிவிட்டது.

அந்தக் கீபோர்டு வந்தது உன் வலது மணிக்கட்டு வீங்க ஆரம்பித்த வருடம். டைப் அடிப்பதைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். நீ ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு பழைய கீபோர்டைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்தாய். தடியாக, கறுப்பாக, இடப்பக்கம் ஐந்து பட்டன்கள் கூடுதலாக. கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர்கள் வைத்துக்கொள்வதாம்.

"இதுல ஒரு தபா நான் தட்டுவேன் மாமி. அது கவனிச்சிக்கினே இருக்கும். அப்புறம் இந்த ஒத்த பட்டன அமுக்குனா நான் தட்டுனது மொத்தத்தையும் அதுவே தட்டிடும். மேக்ரோன்னு பேராம்."

"எழுத்தெல்லாம் ஞாபகம் வெச்சுக்குமா?"

"எழுத்து அதுக்கு இன்னா தெரியும்? எந்தப் பட்டன அமுக்குனேன், எவ்ளோ நேரம் விட்டு அடுத்தத அமுக்குனேன், அவ்ளோதான் தெரியும். என் கைய அப்டியே புடிச்சி வச்சிக்கும்."

அன்றைக்கு அந்த வார்த்தை என் காதில் சாதாரணமாகத்தான் விழுந்தது.

மூன்று மத்தியானம் உட்கார்ந்து நான்கு பட்டன்களுக்கு ரெகார்டு செய்தாய். எது எதற்கு என்று மறக்காமலிருக்க உன் கைப்பையிலிருந்து பொட்டு அட்டையை எடுத்தாய். கல்யாணத்துக்குச் சிவப்பு, கிரகப்பிரவேசத்துக்கு மஞ்சள், சீமந்தத்துக்குப் பச்சை, கண்ணீர் அஞ்சலிக்குக் கறுப்பு. ஐந்தாவது பட்டன் வெறுமையாக இருந்தது. "கெடக்கட்டும், எதுக்காச்சும் ஆவும்" என்றாய்.

கறுப்புப் பட்டனில்தான் நமக்குள் சண்டை வந்தது. மாதிரிக்கு ஒரு பெயர் வேண்டும். 'இன்னார்' என்று போடு, வருகிறவர்களுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம் என்றேன். நீ ஒப்பவில்லை. முன்பு ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை மாற்ற மறந்து, 'திருநிறைச்செல்வன் இன்னார்' என்று ஐந்நூறு பிரதி அச்சாகி, நாம் இரண்டு பேரும் பெண் வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது உனக்கு மறக்கவில்லை. நிஜப் பெயர் இருந்தால்தான் கண்ணை உறுத்தும், மாற்றாமல் விடமாட்டோம் என்றாய். சரி, யார் பெயர்?

"அடுத்தவங்க பேர போட்டா பாவம். என் பேரையே போட்டுக்கறேன்."

"ஏண்டி, புத்தி பிசகிப் போச்சா நோக்கு? மேலே அஸ்து தேவதைகள் இருக்கும். அப்படியே ஆகட்டும்னு சொல்லிடுத்துன்னா?"

"அதுங்களுக்குத் தமிழ் டைப்பிங் வராது மாமி" என்றாய். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

கண்ணீர் அஞ்சலி என்று அடித்தாய். கீழே உன் பெயர். அதன் கீழே 'தோற்றம்' என்று போட்டு உன் பிறந்த தேதி, அதிலும் இரண்டு வயது குறைத்து. பிறகு 'மறைவு'. அந்த இடத்தில் மூன்று விசைகளைச் சேர்த்து அமுக்கினால் கம்ப்யூட்டர் அன்றைய தேதியைத் தானே போட்டுக்கொள்ளும். சாவுச் செய்தியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் அன்றைக்கு அன்றே வருவதால் அந்த ஏற்பாடு. கடைசியில், எங்களை ஆறாத் துயரில் ஆழ்த்திவிட்டு இறைவனடி சேர்ந்தார் என்ற வழக்கமான வரி. முடித்துவிட்டுப் பட்டனை அமுக்கிக் காட்டினாய். தேதி டாணென்று வந்து உட்கார்ந்தது. உன் கணக்குப்படி நீ அன்றைக்குச் செத்துப்போயிருந்தாய். என் பக்கத்தில் உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருந்தாய்.

அதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் கீபோர்டு உன் தப்பையும் சேர்த்தே பிடித்துவைத்திருந்தது. நீ எப்போதும் 'கண்ணிர்' என்று அடித்துவிட்டு, ச்ச் என்று சொல்லிவிட்டு, பின்னால் போய் 'கண்ணீர்' என்று திருத்துவாய். ரெகார்டு செய்த அன்றும் அதைத்தான் செய்தாய். அதனால் கறுப்புப் பட்டனை அமுக்கும்போதெல்லாம் திரையில் முதலில் 'கண்ணிர்' வரும், அழியும், 'கண்ணீர்' வரும். பிறகு உன் வேகத்தில் பெயர், தோற்றம். 'மறைவு' என்று வந்ததும் நின்றுவிடும். ஒன்பது எண்ணும் வரை கர்சர் சும்மா இமைத்துக்கொண்டிருக்கும். அப்புறம்தான் தேதி. நீ ரெகார்டு செய்தபோது நான் என் வேலையில் குனிந்திருந்தேன், நடுவில் உனக்கு ஏதோ போன் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி ரெகார்டு செய்யேன் என்று சொன்னால், "உனுக்கு இன்னா அவசரம், செத்தவனுக்கே அவசரம் இல்ல" என்பாய்.

எட்டு வருடத்தில் எத்தனை பேருக்காக அந்தப் பட்டனை அமுக்கியிருப்போமோ தெரியாது. ஒவ்வொரு தடவையும் முதலில் நீ செத்தாய். பிறகு உன் பெயரை அழித்து அவர்கள் பெயரைப் போட்டோம். பழகிப்போயிற்று. பழகக் கூடாதது எல்லாம் எவ்வளவு சுலபமாகப் பழகிவிடுகிறது.

அப்புறம் அந்தக் காய்ச்சல். பத்து நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. சைதாப்பேட்டையில் உன் வீட்டு வாசலில் நின்றபோது எனக்கு அழுகைகூட வரவில்லை. உன் வீட்டுக்காரர்தான் என்னிடம் வந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர், வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. "கார்டு நம்ம கடையிலயே அடிச்சிடலாம்மா. அவளுக்கு வேற எடத்துல போனா புடிக்காது" என்றார். அவர் ஆட்டோவிலேயே மயிலாப்பூர் வந்தோம். கடையைத் திறந்து, உட்கார்ந்து, கறுப்புப் பட்டனை அமுக்கினேன்.

கண்ணிர். அழிந்தது. கண்ணீர். உன் பெயர். இரண்டு வயது குறைத்த உன் தோற்றம். 'மறைவு' என்று வந்து நின்றது.

அந்த ஒன்பது எண்ணிக்கையில் நான் என்னவெல்லாமோ வேண்டிக்கொண்டேன். அப்படியே நின்றுவிடட்டும், இன்றைக்கு மட்டும் தேதி வராமல் போகட்டும் என்று. வந்தது. அழிக்க ஒன்றுமே இல்லை. முதல் தடவையாக அந்தக் கார்டில் மாற்ற வேண்டியது எதுவும் இல்லை. பிறந்த வருடம் தப்பு என்று நான் கையைக் கொண்டுபோனேன். உன் வீட்டுக்காரர் தடுத்துவிட்டார். "அவ போட்டத மாத்தாதம்மா." அப்படியே அச்சாயிற்று. போகும்போதும் நீ ஜெயித்தாய்.

அதற்குப் பிறகு அவர் மாதாமாதம் வர ஆரம்பித்தார். உன் திதியன்று மத்தியானம் வாசலில் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு உள்ளே வருவார். உன் நாற்காலியில் உட்காரமாட்டார், பக்கத்தில் நிற்பார். "ஒரு தபா அமுக்கும்மா" என்பார். நான் அமுக்குவேன். இருவரும் திரையைப் பார்ப்போம். தப்பு, திருத்தல், உன் வேகம், உன் நிறுத்தம். "அவ தட்ற மாரியே கீது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஒருமுறை திரையைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போனார். மறுமாதமே திரும்ப வந்து, "போன்ல பாத்தா அது படம்மா, வேற மாரி கீது. இங்க அவளே தட்றா" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஒவ்வொரு மாதமும் நீ வந்து அடித்தாய். ஒவ்வொரு மாதமும் மறைவு அன்றைய தேதிதான்.

இந்த மழைக்காலத்தில்தான் அது தானாகத் தட்ட ஆரம்பித்தது.

முதல் நாள் மத்தியானம் நல்ல மழை. அடையாற்றிலிருந்து ஒரு அம்மாள் தன் பெண்ணுக்குச் சீமந்தப் பத்திரிகை கொடுத்திருந்தாள். அதைத் திறந்து வைத்துவிட்டு, பாத்திரக்கடைக்காரர் வீட்டிலிருந்து காபி வாங்கிக்கொண்டு திரும்பினேன். கடையில் யாரும் இல்லை. திரையில் கர்சர் நகர்ந்துகொண்டிருந்தது. கண்ணிர். அழிந்தது. கண்ணீர். டபராவைக் கையில் பிடித்தபடி வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். உன் பெயர் ஒவ்வொரு எழுத்தாக வந்தது. 'மறைவு' என்று வந்து நின்றது. உன் நாற்காலியைப் பார்த்தேன். காலிதான். ஆனால் காலியாக இருக்கிறதே என்றுதான் இன்னும் பயமாக இருந்தது. ஏழு, எட்டு, ஒன்பது. தேதி.

மெட்ரோ தோண்டும் அதிர்வில் பட்டன் ஆடியிருக்கும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு அழித்தேன். மறுநாளும் வந்தது. அழித்தேன். யாரிடம் சொல்ல? என் தங்கையிடம் சொன்னேன், கடைக்கு வந்து சாம்பிராணி போடட்டுமா என்று கேட்டாள். நான் உன்னிடம் வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன். "போதும்டி, வேலை கெடக்கு. அப்புறமா வா" என்று. சொன்ன குரல் எனக்கே பிடிக்கவில்லை. அதட்டுகிற மாதிரியும் இருந்தது, கூப்பிடுகிற மாதிரியும் இருந்தது.

மூன்றாவது தடவை நான் கவனிக்கவில்லை. சீமந்தப் பத்திரிகையின் இரண்டாம் பக்கத்து அடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் பார்க்காமல் புரூஃபை அடையாற்று அம்மாளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். அரைமணியில் அவளே மழையோடு மழையாக வந்து நின்றாள். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"என்னம்மா இது? எம் பொண்ணு வயித்துல ஏழு மாசம். அவ பத்திரிகையில கண்ணீர் அஞ்சலின்னு போட்டு, இன்னைக்குத் தேதிய போட்டு அனுப்பியிருக்கீங்களே! எம் பொண்ணுதான் முதல்ல பார்த்தா. யார் இந்தப் பொம்பள?"

என்ன சொல்வது? என் சிநேகிதி என்பதா? இல்லை, சும்மா ஒரு மாதிரிப் பெயர் என்பதா? காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். அவள் பத்திரிகையை வேறு இடத்தில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அது நியாயம்தான். அன்றைக்கு எனக்கு உன்மேல் கோபம் வந்தது. பிறக்காத குழந்தையின் பத்திரிகையில் வந்து உட்கார உனக்கு எப்படி மனம் வந்தது என்று. கோபம் தணிந்த பிறகு, நீ எங்கே வந்தாய், நான்தானே உன்னைப் பட்டனுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

தி.நகரில் ஒரு ரிப்பேர்காரரிடம் கீபோர்டைக் கொண்டுபோனேன். பிரித்துப் பார்த்தார். பொட்டுப் பசையும் ஈரமும் இறங்கி அந்த ஒரு பட்டன் உள்ளே துருப்பிடித்துவிட்டதாம், அதுவாக ஒட்டி ஒட்டி விடுகிறதாம். பேய் பிசாசு ஒன்றுமில்லை. கேட்டதும் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஏமாற்றமாக இருந்தது.

"பட்டன் போனா போகட்டும். உள்ள ரெகார்டு ஆனதை மட்டும் பக்கத்து பட்டனுக்கு மாத்தித் தர முடியுமா?" என்றேன்.

"முடியாது மேடம். இந்த மாடலுக்கு சாஃப்ட்வேரே இப்ப கெடைக்கல. கீபோர்டுலயே ரெகார்டு பட்டன் இருக்குல்ல, அதை வச்சுப் புதுசா அடிச்சா உண்டு. பழசு வெளிய வராது. இந்தக் கருப்புப் பட்டன்ல வெறும் ரெகார்டு ஒண்ணு போட்டு அழிச்சிடுங்க. இல்லேன்னா இது தட்டிக்கிட்டேதான் இருக்கும்."

இரண்டு வாரம் நான் அழிக்கவில்லை. வேறு கீபோர்டு வாங்கிக்கொண்டு இதைப் பரணில் போட்டுவிடலாமா என்று யோசித்தேன். வயரைப் பிடுங்கிய கீபோர்டு ஒன்றும் தட்டாது என்று புத்திக்குத் தெரியும். ஆனால் பரணில், துணி மூட்டைக்கு நடுவில், 'மறைவு' என்று வந்து நின்றுகொண்டு நீ காத்திருப்பாய் என்றே நெஞ்சு சொன்னது. அதைவிட, உன் வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வது?

நேற்று உன் திதி. வழக்கம்போல வந்தார். அமுக்கச் சொல்வதற்கு முன்பே நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சீமந்தப் பத்திரிகை, அந்த அம்மாள், ரிப்பேர்காரர். "உங்களைக் கேக்காம அழிக்க மாட்டேன். வேண்டாம்னா சொல்லுங்கோ, நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன்" என்றேன்.

அவர் அந்தப் பொட்டின் சுருண்ட ஓரத்தை ஒரு விரலால் நீவிவிட்டார்.

"அழிச்சிடும்மா" என்றார். "வருசம் திரும்பிப் போச்சு. அவ வரான்னு நெனச்சிக்கினுதான் வந்தேன். ரோசன பண்ணிப் பாத்தா, மாசாமாசம் அவ சாவறத நானே வந்து பாத்துக்கினு கீறேன்."

கடைசியாக ஒருமுறை அமுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். ஆட்டோ சத்தம் சந்து முனை திரும்புகிற வரை கேட்டது. நானும் அமுக்கவில்லை. ரெகார்டு பட்டனைத் தொட்டு, கறுப்புப் பொட்டைத் தொட்டு, ஒன்றும் அடிக்காமல் மறுபடி ரெகார்டு பட்டனைத் தொட்டேன். அவ்வளவுதான். எட்டு வருடம் இருந்த உன் கை போயே போய்விட்டது. வாய்விட்டு அழுதேன், உன் வாசலில் வராத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது.

ஆனாலும் கடை நடக்க வேண்டும். கண்ணீர் அஞ்சலி இல்லாமல் நம் கடை ஏது? ஐந்தாவது பட்டன் இருந்தது, நீ எதுக்காச்சும் ஆகும் என்று விட்டுவைத்தது. அதில் புதிதாக ரெகார்டு செய்ய உட்கார்ந்தேன். மாதிரிக்குப் பெயர் வேண்டும். உன் பெயரை இனிப் போடமாட்டேன். அடுத்தவர் பெயரைப் போட்டால் பாவம்.

என் பெயரைப் போட்டேன்.

கண்ணீர் அஞ்சலி. தப்பில்லாமல்தான் அடித்தேன். என் பெயர். தோற்றம். என் வயதைக் குறைக்கவில்லை, உன் அளவுக்கு எனக்குத் துணிச்சல் கிடையாது. மறைவு. தேதி. இறைவனடி சேர்ந்தார். எங்கும் நிற்காமல் ஒரே மூச்சில் அடித்து முடித்தேன். யாரும் கூப்பிடவில்லை, போன் எதுவும் வரவில்லை. பிறகு சரிபார்ப்பதற்காகப் பட்டனை அமுக்கினேன்.

எழுத்துகள் கடகடவென்று வந்தன. 'மறைவு' என்று வந்தது. நின்றது.

நான் நின்றதாக எனக்கு நினைவே இல்லை. ஆனால் கர்சர் இமைத்துக்கொண்டே இருந்தது. கீபோர்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது, எவ்வளவு நேரம் விட்டு அமுக்கினோம் என்பது மட்டும்தான் தெரியும் என்று நீதானே சொன்னாய். என்னை அறியாமல் எண்ணினேன். ஏழு, எட்டு, ஒன்பது. இன்னும் தேதி வரவில்லை. பத்து. பதினொன்று. வந்தது.

ஆக, அன்றைக்கு உனக்குப் போன் எதுவும் வரவில்லை. அஸ்து தேவதைகளுக்குத் தமிழ் டைப்பிங் வராது என்று என்னைச் சிரிக்க வைத்துவிட்டு, உன் பெயருக்குக் கீழே அந்த வார்த்தையை அடித்ததும் நீயும் பயந்திருக்கிறாய். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியவில்லை. சொல்லியிருக்கலாமே, கையைப் பிடித்துக்கொண்டிருப்பேனே.

உன் பொட்டை இப்போது ஐந்தாவது பட்டனில் ஒட்டிவிட்டேன். பசை இல்லை, கொஞ்சம் கோந்து தடவினேன். இன்று பத்து மணிக்கு மந்தைவெளியிலிருந்து ஒருவர் தன் அண்ணாவுக்குக் கார்டு வேண்டும் என்று வந்தார். அமுக்கினேன். முதலில் நான் செத்தேன். பிறகு என் பெயரை அழித்து அவர் அண்ணா பெயரைப் போட்டேன். நடுவில் கர்சர் நின்றபோது, "ஏன் மேடம், ஹேங் ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

"இல்லை சார். கொஞ்சம் நேரம் எடுத்துக்கும்" என்றேன்.